சுவர் இருமுகிறது என்று எழுதினேன்

நாற்பத்து நான்கு வயதில் மறுபடி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஆக்லாந்தில் ஒரு சமுதாயக் கல்லூரி. தொடர்பியலும் இதழியலும் சேர்ந்த ஓராண்டுப் படிப்பு. கோலாலம்பூரில் இருந்தபோது ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்ப்பது என் வேலை. வெள்ளம் வராத கடையில் வெள்ளம் வந்தது என்பார்கள். இல்லாத நகை திருடு போனது என்பார்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்க வேண்டும். அந்த வேலை பார்த்தவளுக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. மகளின் பள்ளிக்காக எப்சம் என்ற புறநகரில் வாடகைக்குக் குடிவந்த பிறகு கணவருக்கு வேலை இருந்தது, மகளுக்குத் தோழிகள் இருந்தார்கள். என்னிடம் மிச்சம் இருந்தது இந்தச் சந்தேகக் குணம்தான். அதற்குப் பொருத்தமான படிப்பு என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.

ஆசிரியை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நெடுங்காலம் நாளிதழ்களில் வேலை பார்த்தவர். இங்கே ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது நாக்கில் வரவில்லை. கடைசிவரை 'மிஸ்' என்றே கூப்பிட்டேன். எதை எழுதிக் கொடுத்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். பதில் சொன்னால், "அது அவருக்கு எப்படித் தெரியும்?" என்பார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

வகுப்பில் என்னைத் தவிரத் தமிழ் பேசுகிறவர் ஒருவர்தான். திருச்சிப் பக்கத்துக்காரர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும், மாணவர் விசாவில் வந்தவர். மெலிந்த உடம்பு, மாற்றி மாற்றி இரண்டே ஸ்வெட்டர், எப்போதும் ஒரு தொண்டைச் செருமல். முதல் நாளே "அக்கா" என்று வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எங்கே வீடு, கணவர் எங்கே வேலை, யார் யாரைத் தெரியும் என்று கேட்டார். இத்தனை கேட்கிறவர் தன் வீடு எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. "அப்படியே ஏவன்டேல் பக்கம்க்கா" என்று நிறுத்திக்கொண்டார். அப்போதே அவரைப் பற்றி மனதில் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

குளிர்காலம் தொடங்கியதும் ஆளுக்கொரு செய்திக் கட்டுரை எழுதச் சொன்னார் ஆசிரியை. நகரத்தில் குளிர்காலம் யாரை எப்படித் தொடுகிறது என்பதுதான் பொருள். ஏவன்டேல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது என் கட்டுரை கிடைத்தது. தள்ளுவண்டியில் ஒரு சின்னக் குழந்தை. அது மூச்சு விடும் சத்தம் சந்தை இரைச்சலையும் மீறிக் கேட்டது. குனிந்து பார்த்தேன். தாய் யாழ்ப்பாணத்துப் பெண், முதியோர் இல்லம் ஒன்றில் ஷிஃப்ட் வேலை. கணவர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூரில்.

"டொக்டர் மருந்து தாறார் அக்கா. வீட்டுக்கு மருந்து ஆர் தாறது?" என்றார்.

அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போனேன். பழைய மர வீடு. நடுவில் மெல்லிய ஜிப்சம் பலகைச் சுவர் அடித்து, இரண்டு குடித்தனமாகப் பிரித்திருந்தார்கள். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. கட்டிலை இழுத்துக் காட்டினார். மூலையில் அந்த வெள்ளையைத் துளைத்துக்கொண்டு கரும்புள்ளிகள் கிளம்பியிருந்தன. கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று ஈரம்.

"துடைச்சுப்போட்டுத்தானே பெயின்ட் அடிக்கோணும். அப்பிடியே மேலால அடிச்சிட்டுப் போட்டினம். ரெக்கோட் பண்ணாதேங்கோ அக்கா. என்ர பேரும் போடாதேங்கோ, வீட்டுக்காரர் ஆர் எண்டும் கேக்காதேங்கோ. அவர் எங்கட சனத்துக்குள்ள பெரிய ஆள். இந்த வீடும் போச்செண்டா நாங்கள் எங்க போறது?"

ரெக்கார்டரைப் பைக்குள் வைத்துவிட்டேன். யாரிடமும் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் சொன்னவற்றில் ஒரு வாக்கியம் மனதில் தைத்தது. "இரவிரவா இந்தச் சுவர் இருமுது அக்கா. இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் சுவர். நடுவில நான் கண் முழிச்சுக்கொண்டு கிடக்கிறன்."

வீட்டுக்கு வந்து அதை ஆங்கிலத்தில் எழுதி, கட்டுரைக்கு முதல் வரியாக வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டார். அறைக் கதவைச் சாத்தினார்.

"இந்த முதல் வரி யாருடையது?" என்றார்.

"அந்தப் பெண் சொன்னது."

"இந்த வார்த்தைகளிலேயே சொன்னாரா?"

"தமிழில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்."

"பதிவு இருக்கிறதா?"

"பதிவு செய்ய வேண்டாம் என்றார்."

"பெயர்?"

"சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

அவர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அந்தக் காப்புறுதி மேசையில் எத்தனையோ பேரைப் பார்த்த அதே பார்வை. "நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் என் இடத்தில் இருந்து யோசித்துப் பார். பெயர் இல்லை, குரல் இல்லை, வாக்கியமோ கவிதை மாதிரி இருக்கிறது. மனிதர்கள் இப்படிப் பேசுவதில்லை. ஏ.ஐ. மெஷின்கள்தான் இப்போது இப்படி எழுதுகின்றன."

மெஷின். அந்தச் சொல் காதில் விழுந்ததும் முகம் சூடானது. மலேசியப் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகளிடம் கற்ற ஆங்கிலம் என்னுடையது. பிழையில்லாமல் எழுதியதே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

வாசகருக்குப் பெயர் தெரிய வேண்டாம், ஆனால் ஆசிரியருக்குத் தெரிய வேண்டும், பத்திரிகை வழக்கம் அதுதான் என்றார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். "நம் வகுப்பில் இன்னொருவருக்குத் தமிழ் தெரியுமே. அவர் அந்தப் பெண்ணிடம் தொலைபேசியில் பேசிச் சரிபார்க்கட்டும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு வாரம் கெடு கொடுத்தார், எழுந்து வந்தேன். வெளியே காபி மெஷின் பக்கத்தில் திருச்சிக்காரர் நின்றிருந்தார். "என்னக்கா, மிஸ் என்ன கேட்டாங்க?" என்றார். நான் உள்ளே இருந்தது இவருக்கு எப்படித் தெரியும்? ஒன்றுமில்லை என்று நடந்தேன்.

அந்தப் பெண்ணிடமே கேட்டுவிடலாம் என்று மறுநாள் பிற்பகல் ஏவன்டேலுக்குப் போனேன். தெருமுனை திரும்பும்போதே அந்த வீட்டு வாசலில் ஒரு வெள்ளி நிறக் கார் நிற்பது தெரிந்தது. நன்றாகத் தெரிந்த கார். நாங்கள் ஆக்லாந்து வந்து இறங்கிய நாளில் விமான நிலையத்திலிருந்து எங்களை ஏற்றிக்கொண்டு போன கார் அது. என் கணவர் 'அண்ணன்' என்று கூப்பிடுகிற மனிதருடையது. எங்களைப் போலவே மலேசியாவிலிருந்து எங்களுக்கு வெகுகாலம் முன்பே வந்தவர். எப்சம் வீட்டைப் பார்த்துக் கொடுத்தவரே அவர்தான். கோயில் விழாக்களில் முன்வரிசையில் இருப்பார்.

காரின் பின்கதவு திறந்திருந்தது. அதிலிருந்து பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினவர் திருச்சிக்காரர்.

ஒரு வேலிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அண்ணன் ஏதோ சொன்னார், இவர் தலையை ஆட்டினார், இருவரும் வீட்டின் மறுபக்கம் போனார்கள். எல்லாம் சேர்ந்துவிட்டது போல இருந்தது. வீட்டுக்காரர் அண்ணன். அவருடைய ஆள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம்தான் ஆசிரியை பெயரைக் கொடுக்கச் சொல்கிறார். கதவைத் தட்டாமல் வந்த வழியே திரும்பினேன்.

ரயிலில் இருந்தபோதே அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா இனி வராதேங்கோ. வந்து போற ஆள் ஆர் எண்டு வீட்டுக்காரர் கேட்டவர்.' கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

இது திருச்சிக்காரரின் வேலைதான் என்று நூற்றுக்கு நூறு நம்பினேன். அன்று சாப்பாட்டு மேசையில் கணவரிடம் பேச்சைத் தொடங்கினேன்.

"அண்ணனுக்கு ஏவன்டேல்ல வீடு இருக்கா?"

"இருக்கும். அவருக்கு எங்கெங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஏன்?"

"சும்மாதான்."

அவர் அப்பளத்தை உடைத்தார். "நீ ஈரமான வீட்டைப் பத்தி எழுதுறேன்னு அவருகிட்ட சொன்னேன். ஏவன்டேல்லயான்னு கேட்டாரு. ஆமான்னேன்."

என் கை சோற்றிலேயே நின்றது. "எப்ப சொன்னீங்க?"

"போன வாரம். பேச்சுவாக்குலதான். அவரு நமக்கு எவ்ளோ செஞ்சிருக்காரு, இதுல என்னா இருக்கு?"

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி இருவரையும் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில், "நான் ரூமுக்குப் போகலாமா?" என்றாள்.

பேச்சுவாக்கில் சொன்னாரா, கேட்டதற்குச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் கல்லூரி விஷயம் பேசுவதை நிறுத்திவிட்டேன். போன் வந்தால் துணி துவைக்கும் அறைக்குப் போய்ப் பேசினேன். அவரும் அதைக் கவனித்தார், ஆனால் கேட்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழே ஒருவர் காலடியை மற்றவர் காது கொடுத்துக் கேட்கிற வாழ்க்கை அது. சில வாரம்தான் என்றாலும் நீளமாக இருந்தது.

ஆசிரியை கொடுத்த கெடு முடிய ஒரு நாள் இருந்தது. வகுப்பு முடிந்து ரயிலில் ஏறினேன். திருச்சிக்காரர் எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். பெட்டியில் கூட்டம் இல்லை. குளிருக்குக் கழுத்தை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டார்.

"அக்கா, உங்க கட்டுரையோட முதல் வரியை மிஸ் எங்கிட்ட சொன்னாங்க. தமிழ்ல இப்படி ஒரு பழமொழி இருக்கான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னேன்."

சரிதான், முடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம் யாருக்கா இருக்காங்க?"

"எந்தச் சுவர்? எனக்குத் தெரியாது" என்றேன். பெயரை வாங்கப் பார்க்கிறார். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க சொல்ல வேணாம். எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் நான்தான் இருக்கேன்."

எனக்கு உடனே புரியவில்லை.

"அந்த வீட்டோட பின்பாதியில ஒரு ரூம்ல நான் இருக்கேன்க்கா. படுத்தா இருமல் வந்துடும், விடியிற வரைக்கும் நிக்காது. அந்த அக்கா சுவத்தைத் தட்டுவாங்க. திட்டுறதுக்குன்னு முதல்ல நெனச்சேன். ஒரு நாள் வாசல்ல இஞ்சித் தண்ணி ஃப்ளாஸ்க் வெச்சிருந்தாங்க."

அவரைப் பார்த்தேன். இத்தனை வாரம் பக்கத்து நாற்காலியில் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்த மனிதர். அந்தப் பெண் சொன்னது உவமை இல்லை, கவிதையும் இல்லை. பலகைக்குப் பின்னால் ஒரு ஆள் இருமினார். இருமுகிற ஆளின் முகம் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. சுவர் இருமுது என்றார். அவ்வளவுதான். நானும் ஏமாந்தேன், ஆசிரியையும் ஏமாந்தார்.

ஆனாலும் நான் சந்தேகத்தை விடவில்லை. "அவரோட கார்ல பெயின்ட் வாளியோட இறங்கினதைப் பாத்தேன்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "பெயின்ட் அடிச்சதே நான்தான்க்கா. ரெண்டு பக்கமும், அந்த அக்கா வேலைக்குப் போயிருந்தப்ப. வாடகைல கொஞ்சம் கழிச்சுக்கலாம்னு சொன்னாரு. பூஞ்சையைச் சுரண்டிட்டு அடிக்கலாமான்னு கேட்டேன், நேரம் இல்ல, மேலயே அடின்னாரு. வேற இடம் கிடைக்கிற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன். உங்க கட்டுரை போகலேன்னா நீங்க பொய் எழுதுனதா ஆயிடும். அதான்."

"இதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"உங்ககிட்ட மட்டும் சொல்லலக்கா. நாளைக்கு மிஸ்கிட்ட சொல்லப் போறேன். என் பேரைப் போட்டுக்கட்டும்."

சொன்னபடி செய்தார். மறுநாள் ஆசிரியையின் அறையில் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து, தன் பெயர், தான் இருக்கும் அறை, தான் அடித்த பெயின்ட் எல்லாவற்றையும் சொன்னார். விசாவைப் பற்றி ஆசிரியை எச்சரித்தார். வீட்டைப் பற்றிப் பேசினதற்காக விசா போகாது என்று விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றார்.

எல்லாம் கேட்டபின் ஆசிரியை என் பக்கம் திரும்பினார். "உன் முதல் வரியை இப்போது நம்புகிறேன். அதனால்தான் அதை எடுக்க வேண்டும். சுவருக்கு மறுபக்கம் ஒருத்தி இருக்கிறாள் என்று அச்சில் வந்தால், பெயர் போடாவிட்டாலும் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும்."

என் கையாலேயே அழித்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம்.

"இனி வீட்டுக்காரரிடமும் கேட்க வேண்டும். கேட்காமல் போட முடியாது" என்றார்.

எப்படிக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த சனிக்கிழமை காலை, அண்ணனே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு டப்பா நிறையக் கறிபாப், எங்கள் ஊர் உருளைக்கிழங்குப் பஃப்.

"பசியாறியாச்சா? சூடா இருக்கு, சாப்பிடுங்க." சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். மகளின் பள்ளி, மழை, கோயில் தேர் என்று சுற்றிவிட்டு, "என்னா தங்கச்சி, பத்திரிகைக்காரியா ஆயிட்டீங்களாமே? நம்ம ஆளுங்க இங்க நல்ல பேரோட இருக்கோம். வெள்ளைக்காரன் முன்னாடி நம்ம துணியை நாமளே அவுக்கக் கூடாது பாருங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் ரெக்கார்டரை எடுத்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். "அண்ணே, இது கல்லூரிக் கட்டுரைக்கு. ஏவன்டேல் வீட்டுப் பின்பாதியில சுவர்ல பூஞ்சை இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா? அதுக்கு மேலயே பெயின்ட் அடிக்கச் சொன்னீங்களா?"

உதட்டில் இருந்த சிரிப்பு போகவில்லை, கண்ணில் இருந்தது போய்விட்டது. அவர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்தார். "என்னாப்பா இது?"

நானும் கணவரைத்தான் பார்த்தேன். இந்த மனிதர் எந்தப் பக்கம் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவர் கையிலிருந்த கறிபாப்பைத் தட்டில் வைத்தார். விரலைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்கண்ணே" என்றார்.

"ஈரம் இல்லாத வீடு ஆக்லாந்துல எங்க இருக்கு? ஜன்னலைத் திறந்து வெச்சா காஞ்சுபோகுது. பெயின்ட் அடிச்சது தப்பா? நல்லா இருக்கட்டும்னுதான் அடிச்சேன்." எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "நல்லா எழுதுங்க" என்றார். அதை வாழ்த்து என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அவர் சொன்னதை அப்படியே போட்டேன். கல்லூரியின் இணையதளத்தில் கட்டுரை வந்தது. நம் ஆட்கள் மத்தியில் அது கைக்குக் கை போயிற்று. கோயிலில் சிலர் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். இரண்டு பெண்கள் மட்டும் தனித்தனியாக என் பக்கத்தில் வந்து, தங்கள் வீட்டுச் சுவரைப் பற்றிக் கிசுகிசுத்தார்கள்.

திருச்சிக்காரர் ஒனிஹங்காவில் வேறு அறை பார்த்துப் போனார். அண்ணன் அவரைப் போகச் சொல்லவில்லை, ஆனால் வீட்டில் ஆட்கள் வேலை செய்ய வருகிறார்கள் என்று சொல்லிச் சாமான்களை ஓரம் கட்டச் சொன்னாராம். ஆட்கள் உண்மையாகவே வந்தார்கள். பலகையைப் பிய்த்துப் புதிதாக அடித்தார்கள், காற்றோட்டத்துக்கு விசிறி வைத்தார்கள். பயந்து செய்தாரா, மனம் மாறிச் செய்தாரா, இல்லை வீட்டை விற்கப் போகிறாரா என்று ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

அன்று அந்தப் பதிலை எனக்காகச் சொன்னீர்களா, அந்த மனிதர் சீக்கிரம் எழுந்து போகட்டும் என்று சொன்னீர்களா என்று கணவரிடம் ஒரு தடவை கேட்டேன். "ரெண்டும் இருக்கலாம்ல?" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. துணி துவைக்கும் அறையில் நின்று போன் பேசுவதை மட்டும் நிறுத்தினேன்.

படிப்பு முடிந்து இப்போது ஒரு சின்ன வட்டாரப் பத்திரிகையில் பகுதிநேரமாக எழுதுகிறேன். போன மாதம் வேலையாக ஒனிஹங்கா கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். மருந்துக்கடை வரிசையில் எனக்கு முன்னால் அந்தப் பெண் நின்றிருந்தார். குழந்தை வளர்ந்திருந்தது, அலமாரிக்கு அலமாரி ஓடி, பல் தூரிகைகளைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறக்குமுன் அவர் முகத்தைத் திருப்பாமலே, தாழ்ந்த குரலில், "என்னோட நிண்டு கதைக்காதேங்கோ அக்கா. ஆரும் பாப்பினம்" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். அவர் பணத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கினார். மருந்து இல்லை, சோப்பும் குழந்தைக்கு ஒரு சீப்பும். குழந்தையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைக் கடக்கும்போது, "இவனுக்கு இப்ப சுகம்" என்றார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தார். நானும் கடைக்குள் நின்றிருந்த ஒவ்வொரு முகமாக, தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன்.